கரித்தூளும் காணிப் பத்திரமும்

கிளிநொச்சியிலே, கண்டி வீதியின் ஓரத்தில் உள்ள ஒரு சிறு கடையில், அண்மையில் ஒரு முற்பகற் பொழுது முழுவதையும் நாம் கழிக்க நேர்ந்தது. நான்கு தாள்களைப் போட்டோப் பிரதி எடுத்துக்கொண்டு பத்து நிமிடத்தில் திரும்பிவிடலாம் என்று எண்ணித்தான் சென்றோம். ஆனால், நமக்கு முன்னே நின்ற ஒரு மூதாட்டியாரின் அலுவல் நம்மை அங்கேயே இருத்திவிட்டது. அதைப் பற்றியே இன்று நேயர்களுக்குச் சொல்ல விரும்புகின்றோம். விஞ்ஞானம் பயிலும் மாணாக்கருக்கும், வீட்டிலே பத்திரங்களைக் கட்டிக் காக்கும் தாய்மாருக்கும் இதிற் சில செய்திகள் உண்டு.

மூதாட்டியார் கையில் ஒரு பொலித்தீன் பை இருந்தது. அதற்குள் ஒரு துணிப் பை. துணிப் பைக்குள் ஒரு பிளாஸ்ரிக் உறை. உறைக்குள் ஒரே ஒரு தாள். அதை இரு கைகளாலும் ஏந்திக் கடைக்கார இளைஞரிடம் நீட்டினார்.

“தம்பி, இது பிள்ளையளின்ரை அப்பான்ரை பேரிலை உள்ள காணிப் பேர்மிற். எழுத்து அழியாமல் அடிச்சுத் தாங்கோ, ராசா.”

இளைஞர் உறையிலிருந்து தாளை மெல்ல உருவத் தொடங்கினார். ஓரங்குலம் வருமுன்னரே கையை நிறுத்திவிட்டார். நாமும் எட்டிப் பார்த்தோம். தாளின் விளிம்பில் இருந்த எழுத்துகள் தாளில் இல்லை. உறையின் உட்புறத்திலே கரிய தோல்போல ஒட்டிக்கொண்டிருந்தன.

“அம்மா, இதை இழுத்தால் எழுத்தெல்லாம் உறையோடை போயிடும். இருங்கோ, உறையோடையே வைச்சு எடுப்பம்” என்று சொல்லித் தாளை மீண்டும் உள்ளே தள்ளி, உறையோடு கண்ணாடிமேல் வைத்துப் பொத்தானை அழுத்தினார். வெளிவந்த பிரதியோ மங்கலாய் இருந்தது. நெடுக ஒரு வெள்ளைக் கோடு வேறு. காணியின் எல்லைகள் எழுதப்பட்டிருந்த இடத்தின் மேலேயே அந்தக் கோடு விழுந்திருந்தது.

“மை முடிஞ்சு போச்சு, அம்மா. ஒரு அரை மணித்தியாலம் இருங்கோ. நிரப்பிப்போட்டு வடிவாய் எடுத்துத் தாறன்.”

மூதாட்டியார் வாங்கில் அமர்ந்தார். உறையைமட்டும் இளைஞரிடம் விட்டுவைக்காமல் திரும்ப வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

அந்தத் தாள் மூலப் பத்திரம் அன்று. மூலப் பத்திரம் 2009ஆம் ஆண்டு இடப்பெயர்வின்போது போய்விட்டதாம். வவுனியாவில் இருந்த உறவினர் ஒருவர் எப்போதோ ஓர் அலுவலுக்காக வாங்கி வைத்திருந்த பிரதி மட்டும் எஞ்சியது. ஆக, இப்போது எடுக்கவிருந்தது பிரதியின் பிரதி.

வன்னியிலே காணி அனுமதிப் பத்திரம் என்பது என்ன என்பதை அறியாத இளைய வாசகர்கள் இருக்கலாம். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ், அரச காணியைக் குடியானவர்களுக்குப் பகிர்ந்தளிக்கும்போது வழங்கப்படும் பத்திரம் அது. இரணைமடுக் குளத்தின் கீழும் வன்னியின் ஏனைய குடியேற்றங்களிலும் காடு வெட்டிக் கழனியாக்கிய எத்தனையோ குடும்பங்களுக்கு அதுவே கையிலிருந்த ஒரே ஆதாரம். பத்திரக்காரர் தமக்குப் பின் காணி யாருக்கு என்று பின்னுரித்தாளரை நியமிப்பதும் அதிலேதான். போரிலே வீட்டிலிருந்த பத்திரங்கள் அழிந்தன; பல இடங்களில் அலுவலகப் பதிவேடுகளும் அழிந்தன. ஏறத்தாழ மூன்று இலட்சம் மக்கள் செட்டிகுளத்து முகாம்களிலும் ஏனைய முகாம்களிலும் அடைபட்டிருந்தபோது, அவர்களுட் பலரிடம் தாம் யார் என்பதைக் காட்டவே ஒரு துண்டுக் காகிதம் இருக்கவில்லை. பின்னர் நடமாடும் சேவைகள் வந்தன. பிறப்பத்தாட்சிப் பத்திரங்களும் அடையாள அட்டைகளும் புதிதாய் வழங்கப்பட்டன. ஆயினும், ஒன்றைப் பெறுவதற்கு இன்னொன்றின் பிரதியைக் காட்டவேண்டும். அதனைச் சமாதான நீதவான் ஒருவர் உண்மைப் பிரதி என்று உறுதிப்படுத்த வேண்டும். காணாமற் போன பிள்ளைகளைத் தேடும் தாய்மாரின் நிலை இன்னும் கொடிது. 2014 ஜனவரியிற் கிளிநொச்சியில் அமர்ந்த சனாதிபதி ஆணைக்குழுவுக்கு ஒரு கட்டுப் பிரதி, அதன் பின் வந்த காணாமற் போனோர் அலுவலகத்துக்கு மற்றொரு கட்டு என்று, அதே தாள்களைத் திரும்பத் திரும்பப் படியெடுத்துக் கொடுத்துவருகின்றார்கள்.

பிற ஊர்களிலே போட்டோப் பிரதி ஒரு வசதி. வன்னியிலே சிலருக்கு அதுவே கைமுதல்.

இனி, அரை மணித்தியாலத்தில் அந்த இளைஞர் செய்த காரியத்துக்கு வருவோம்.

“மை முடிந்தது” என்று அவர் சொன்னார். உண்மையில் அதிலே மை என்பதே இல்லை. இருப்பது ஒரு தூள். ஆங்கிலத்தில் ரோனர் என்பார்கள். நாம் மைத்தூள் என்போம். கரி என்று பலரும் நினைக்கும் இத்தூளின் பெரும்பகுதி பிளாஸ்ரிக். அத்துடன் நிறத்துக்குக் காபன் கரி, சில வகைகளிற் காந்தத்தால் ஈர்க்கப்படும் இரும்பு ஒட்சைட்டு, சிறிது மெழுகு ஆகியனவும் கலந்திருக்கும். ஒரு மில்லிமீற்றரை ஆயிரம் கூறாக்கினால், அவற்றுள் ஐந்து முதற் பத்துக் கூறு வரையே ஒரு துகளின் பருமன். தலைமயிர் ஒன்றின் குறுக்களவு இதிற் பல மடங்கு. இவ்வளவு நுண்ணிய தூளை எழுத்தின் வடிவிலே காகிதத்தில் ஒழுங்காய் உட்கார வைப்பது எங்ஙனம்?

சீப்பினால் உலர்ந்த தலையை வாரிவிட்டுக் காகிதத் துணுக்குகளுக்கு அருகே பிடித்தால் அவை தாவி ஒட்டுவதைச் சிறுவர் அனைவரும் கண்டிருப்பர். நிலைமின் செய்யும் வேடிக்கை அது. அந்த வேடிக்கையைக் கொண்டு உலகத்தின் அலுவலகங்களையே மாற்றியவர் செஸ்ரர் கார்ல்சன் என்னும் அமெரிக்கர்.

கார்ல்சன் 1906இல் வறிய குடும்பத்திற் பிறந்தவர். நியூயோர்க்கில் ஒரு நிறுவனத்தின் காப்புரிமைப் பிரிவில் வேலை பார்த்தார். ஒரே ஆவணத்துக்குப் பல பிரதிகள் வேண்டியிருந்தன; கையால் எழுதவேண்டும், அல்லது தட்டெழுதவேண்டும், அல்லது அதிக செலவிற் படம் பிடிக்கவேண்டும். கிட்டப்பார்வையாலும் மூட்டு வாதத்தாலும் வருந்திய அவருக்கு இது பெருந்துன்பமாய் இருந்தது. நூலகத்திலே பௌதிக நூல்களைப் படித்தார். வீட்டுச் சமையலறையிற் கந்தகத்தை உருக்கிப் பரிசோதனை செய்தார். அந்த நாற்றத்தை அயலவர் எப்படிச் சகித்தார்களோ, தெரியவில்லை! பின்னர் அஸ்ரோறியா என்னும் பகுதியில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து, ஒற்றோ கோர்ணை என்னும் உதவியாளருடன் வேலையைத் தொடர்ந்தார்.

1938 ஒக்ரோபர் 22ஆம் நாள் அந்த அறையிலே நடந்ததை மாணாக்கர் மனத்திற் பதித்துக்கொள்ளல் நன்று. கந்தகம் பூசிய ஒரு நாகத் தகட்டைத் துணியால் நன்றாய்த் தேய்த்து அதற்கு நிலைமின் ஏற்றினார்கள். கண்ணாடித் துண்டொன்றிலே அன்றைய திகதியையும் ஊரின் பெயரையும் மையால் எழுதித் தகட்டின்மேல் வைத்து, பிரகாசமான விளக்கொளியைச் சில விநாடிகள் பாய்ச்சினார்கள். ஒளி பட்ட இடத்திலிருந்த மின் ஓடிப்போயிற்று. எழுத்தின் நிழல் விழுந்த இடத்தில் மட்டும் மின் நின்றது. பின்பு லைகோபோடியம் என்னும் செடியின் வித்தித் தூளைத் தகட்டின்மேல் தூவி, வாயால் ஊதினார்கள். ஏனைய தூள் எல்லாம் பறந்துபோக, மின் நின்ற இடத்திலே மட்டும் தூள் ஒட்டி எழுத்தாய் நின்றது. மெழுகுத் தாளை அதன்மேல் அழுத்தி எடுத்துச் சூடாக்கினார்கள்; மெழுகு உருகித் தூளைப் பற்றிக்கொண்டது. உலகின் முதலாவது உலர் பிரதி அதுவே.

கண்டுபிடித்தவருக்கு உடனே மாலை விழவில்லை. இருபதுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் அவரைத் திருப்பி அனுப்பின. காப்புரிமை 1942இற் கிடைத்தது. 1944இல் ஒகாயோ மாநிலத்தின் பற்றெல் ஆராய்ச்சி நிலையம் கைகொடுத்தது. பின்னர் ஹலோயிட் என்னும் கம்பனி பொறுப்பேற்றது. அதுவே பிற்காலத்தில் ஸெறொக்ஸ் எனப் பெயர் மாறியது. உலர்ந்த எழுத்து என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களிலிருந்து வந்த பெயர் அது. 1959இல் வெளிவந்த 914 என்னும் இயந்திரம் முந்நூறு கிலோவுக்குச் சற்றே குறைந்த எடையுடையது. தாள் எரிந்துவிடக் கூடுமென்று அதனோடு ஒரு தீயணைப்புக் கருவியையும் கூட அனுப்பினார்கள் என்றால், தூளைத் தாளிலே பிடிக்கச் செய்வதற்கு எவ்வளவு சூடு வேண்டியிருந்தது என்பதை நேயர்களே ஊகிக்கலாம்.

இன்றைய இயந்திரத்திலும் தத்துவம் இதுவே. நாகத் தகட்டுக்குப் பதிலாக ஒளியுணரும் பூச்சுடைய உருளை. சிறு இயந்திரங்களில், விளக்குக்குப் பதிலாக லேசர்க் கதிர். மெழுகுத் தாளுக்குப் பதிலாக, ஏறத்தாழ 200 பாகை சென்றிகிரேட் வரை சூடேறும் உருளையொன்று, தூளில் உள்ள பிளாஸ்ரிக்கை உருக்கிச் சாதாரணத் தாளின் நாரோடு சேர்த்துவிடுகின்றது. பெரிய கடைகளில் உள்ள பெரிய இயந்திரங்களிலே தூள் வேறு, உருளை வேறு. தூள் தீர்ந்தாற் போத்தலை மாற்றினாற் போதும். 1982இற் கனன் நிறுவனம் சிறு அலுவலகங்களுக்கென ஓர் இயந்திரம் வெளியிட்டது. அதிலே உருளை, தூள், கழிவு யாவும் ஒரே கூட்டுள் அடக்கம். தூள் தீர்ந்தாற் கூட்டையே எறிந்துவிட்டுப் புதியது வாங்கவேண்டும். கனனுக்கு அது நல்ல வியாபாரம். கிளிநொச்சிக் கடைக்காரருக்கு?

எறிவதற்கு வன்னியார் பழகவில்லை. 1990இற் போர் மீண்டும் மூண்ட பின், 2002இற் போர்நிறுத்தம் வரும் வரை, எரிபொருள், மின்கலம், காகிதம், சீமெந்து என்று எதுவுமே தாராளமாய் வந்ததில்லை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சுத் திரியும் சிறிது மண்ணெண்ணெயும் இட்டு விளக்கேற்றினோம். சைக்கிளைத் தலைகீழாய் நிறுத்தி மிதியைச் சுற்றி, டைனமோவின் மின்னால் வானொலி கேட்டோம். மோட்டார்ச் சைக்கிளுக்குச் சில துளி பெற்றோலைக் காட்டிக் கிளப்பிவிட்டு மண்ணெண்ணெயில் ஓட்டினோம். யாழ்ப்பாணத்துச் செய்தித்தாள்கள் கோடிட்ட கொப்பித் தாளிலே அச்சாகி வந்ததையும் அக்காலத்தவர் மறந்திரார். பள்ளிக்கூடங்களில் ரோனியோ இயந்திரத்திலே மெழுகுத் தாள் கிழியும்வரை வினாத்தாள் அடித்தார்கள். அதன் மை மணம் இப்போதும் சிலருக்குப் பரீட்சைப் பயத்தை நினைவூட்டக் கூடும்.

அந்தச் சிக்கனம் பழங்கதையென்று எண்ணியிருந்தவர்களுக்கு 2022 ஒரு பாடம் சொல்லிற்று. அவ்வாண்டு மார்ச் மாதம், அந்நியச் செலாவணி இன்மையாற் காகிதமும் மையும் இறக்குமதி செய்ய முடியாமல், மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்டன. கொழும்பில் இரு நாளிதழ்கள் தம் சனிக்கிழமைப் பதிப்பை அச்சிடாது நிறுத்தின. தலைநகரமே தூளுக்குத் தவித்தபோது, வெற்றுக் கூட்டைப் பிரித்து நிரப்பத் தெரிந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு மதிப்பு வந்தது.

கடைக்கார இளைஞர் முதலில் மின்விசிறியை நிறுத்தினார். அடுத்துக் கதவைச் சாத்தினார். “ஐயா, கொஞ்சம் தள்ளி இருங்கோ” என்று நம்மிடம் சொல்லிவிட்டு, வாயையும் மூக்கையும் மூடும் முகக்கவசம் அணிந்து, கையுறை மாட்டி, மேசைமேற் பழைய செய்தித்தாள்களை நான்கு மடிப்பாய் விரித்தார்.

கூட்டின் இரு பக்கமும் உள்ள சிறு ஆணிகளைத் திருப்புளியின் நுனியால் உள்ளே தள்ளி அகற்றியதும், கூடு இரண்டு பாதியாய்ப் பிரிந்தது. மெல்லிய வில்லுச் சுருள்கள் இரண்டு அவற்றை இணைத்திருந்தன. ஒரு பாதியிற் பச்சை நிறமாய்ப் பளபளக்கும் ஒளியுணர் உருளை. அதை அவர் இரு முனைகளிலே மட்டும் பிடித்துத் தூக்கி, உடனே கறுத்தத் துணியாற் சுற்றி மேசை இழுப்பறைக்குள் வைத்து மூடினார். சூரிய வெளிச்சத்தில் நெடுநேரம் கிடந்தால் உருளையின் உணர்வு கெடும். விரல் பட்டால் அந்த விரலின் எண்ணெய் தாள்தோறும் ஒரு கறையாய் வரும். உருளைக்குப் பக்கத்திலே கறுப்பு இறப்பர்த் தண்டு ஒன்று: உருளைக்கு மின்னேற்றுவது அது. அதன் கீழே உருளை நெடுகிலும் உராயும் ஒரு மெல்லிய துடைப்பு அலகு.

இந்த அலகின் வேலையை நாம் அன்றுதான் கண்டு தெளிந்தோம். உருளையில் ஒட்டிய தூள் முழுவதும் தாளுக்குப் போவதில்லை, சிறிது மிஞ்சும். அதை ஒவ்வொரு சுற்றிலும் இந்த அலகு வழித்துக் கழிவுத் தொட்டிக்குள் தள்ளிவிடுகின்றது. அலகிலே ஒரு சிறு மணல் சிக்கினாலும் உருளையில் நெடுங்கோடு கீறும். வன்னியின் கிரவல் வீதிகளிலிருந்து சோளகக் காலத்தில் எழும் செம்புழுதி கடைக்குள் எப்படியெல்லாம் வரும் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

தொட்டியைக் கவிழ்த்தபோது கழிவுத் தூள் குவியலாய் விழுந்தது. பார்வைக்குப் புதுத் தூள்போலவே இருந்தது. “இதை ஏன் எறியவேண்டும், திரும்பவும் போடலாமே?” என்று கேட்டோம். சிக்கனம் பேசிய வாய் அல்லவா! இளைஞர் சிரித்தார். “அதுதான் ஐயா, கன பேர் விடுற பிழை.” கழிவிலே தாளின் நாரும் தூசியும் கலந்திருக்கும், மின்னேறும் தன்மையும் கெட்டிருக்கும். திரும்பப் போட்டால் தாள் முழுதும் சாம்பல் பூத்தாற்போல வருமாம். அக்கழிவைச் செய்தித்தாளோடு சுருட்டி, ஒரு பையிலிட்டு இறுகக் கட்டினார்.

மற்றப் பாதியே தூள் இருக்கும் அறை. அதன் வாயிலிலே காந்த உருளை. தூளை இழுத்து உருளைக்குக் கொடுப்பது அதுதான். அதையும் கழற்றி, உலர்ந்த துணியால் ஒற்றி, அதன்மேல் தூளை மட்டமாய் வழித்துவிடும் அலகையும் துடைத்தார். வெள்ளைக் கோடு விழுந்ததற்குத் தூள் குறைந்தது மட்டுமன்றி, அந்த அலகின் ஓரத்தில் கட்டிதட்டி நின்ற ஒரு சிறு தூள் உருண்டையும் காரணமாம். காணியின் எல்லையை மறைத்தது அவ்வளவு அற்பமான பொருள்!

பின்னர்ப் பக்கத்து மூடியைத் திறந்து, புதுத் தூள்ப் போத்தலைக் குலுக்கி, புனல் வைத்து மெதுவாய் ஊற்றினார். தூள் நீரைப்போலவே ஓடுவது காண வியப்பாய் இருந்தது. இவ்வகைச் சிறு கூட்டுக்கு நூறு கிராம் அளவே போதும். ஏறத்தாழ இரண்டாயிரம் தாள்களுக்குத் தாங்கும். வாய்வரை நிரப்பினால் தூள் கசிந்து இயந்திரத்தின் வயிற்றையே கெடுக்கும். எல்லாவற்றையும் கழற்றிய ஒழுங்குக்கு மறுதலையாய்ப் பூட்டி, கூட்டை இரு புறமும் ஐந்தாறு தரம் அசைத்தார். முப்பது நிமிடம் ஆகவில்லை.

இதைப் பார்த்துவிட்டு நாமும் வீட்டிற் செய்துபார்த்தால் என்ன என்று எந்த மாணாக்கராவது எண்ணினால், நமது சொந்த அனுபவத்தைக் கேட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது. சில ஆண்டுகளுக்கு முன் நாம் அதைச் செய்தோம். விறாந்தையில், மின்விசிறியின் கீழ், முகக்கவசம் ஒன்றுமின்றி! மூடியைத் திறந்ததும் எழுந்த கரும்புகை சுவரில், கதிரையில், காய்ந்துகொண்டிருந்த பள்ளிக்கூட வெள்ளைச் சட்டைகளில் எல்லாம் படிந்தது. பதறிப்போய்ச் சட்டைகளைச் சுடுநீரில் ஊறவிட்டோம். அது இரண்டாவது மடைமை. தூள் என்பது பிளாஸ்ரிக். சூடு பட்டால் இளகித் துணியைப் பற்றிக்கொள்ளும். உலர்ந்தபடியே உதறி, பின்பு குளிர்ந்த நீரிற் சவர்க்காரமிட்டு அலசியிருந்தால் பெரும்பாலும் போயிருக்கும். அந்தச் சட்டைகள் பின்னர்க் கைபிடித் துணியாயின. இல்லத்தரசியார் அவற்றை எடுக்கும்போதெல்லாம் நம்மை ஒரு பார்வை பார்ப்பதுண்டு.

வேடிக்கையை விட்டுச் சொன்னால், இத்தூள் நுரையீரலுக்கு நல்லதன்று. இதிலுள்ள காபன் கரியைப் புற்றுநோயை உண்டாக்கக் கூடியதாகலாம் என்னும் வகுப்பிலே சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் சேர்த்திருக்கின்றது. தூளாய்ப் பறக்கும்போதே அந்த அச்சம். தாளில் உருகிப் பிடித்த பின் அன்று. வீட்டுத் தூசி உறிஞ்சியால் இதை உறிஞ்சவும் கூடாது: அதன் வடிகட்டியை ஊடறுத்து மறுபக்கத்தால் வெளிவரும், காற்றிற் செறிந்து நிற்கும் தூள் ஒரு பொறியாற் பற்றிக்கொள்ளவும் கூடும். வெற்றுக் கூட்டையும் கழிவையும் குப்பையோடு சேர்த்து எரிப்பது நம் ஊர்களில் வழக்கமாகிவருகின்றது. அது பெருந்தவறு.

நிரப்பிய கூடுகளைப் பற்றி ஒரு குறை எங்கும் கேட்கின்றோம்: எழுத்து நிற்பதில்லை என்பது. குறை உண்மைதான், ஆனாற் குற்றம் நிரப்புவதில் இல்லை. ஒவ்வொரு இயந்திரத்தின் சூட்டுக்கும் ஏற்ப உருகும் தூள் வேறு வேறு. அதிக சூட்டில் உருகும் தூளைக் குறைந்த சூடுடைய இயந்திரத்தில் இட்டால், அது தாளின்மேல் உட்கார்ந்திருக்குமேயன்றி ஒட்டாது. மலிவென்று கண்டதை வாங்கி எல்லாவற்றுக்கும் ஊற்றும் கடைகள் இருக்கின்றன. அப்படி ஒரு கடையில் எடுத்த மாதிரி வினாத்தாள்களை நம் வீட்டுப் பிள்ளைகள் ஒரு வாரம் படித்தார்கள்; வார முடிவில் எழுத்துகள் பாதி விரலிலும் பாதி மேசையிலும் இருந்தன. வினாத்தாள் போனால் இன்னொன்று எடுக்கலாம். பிறப்பத்தாட்சிப் பத்திரத்தின் பிரதி பெட்டிக்குள்ளே இருந்தபடி உதிர்ந்தால் யாரிடம் போய் முறையிடுவது? மாரி காலத்தில் ஈரம் குடித்த தாளிலும் இதே கோளாறு நேரும்.

பிரதி கைக்கு வந்ததும் கடையிலேயே பெருவிரலால் எழுத்தை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். தாளின் மூலையில் எழுத்துள்ள இடத்தை ஒருமுறை மடித்து விரித்துப் பாருங்கள். கறுப்பு விரலில் வந்தால், மடிப்பிலே செதில் செதிலாய் உதிர்ந்தால், அந்தப் பிரதியை ஏற்காதீர்கள். நன்றாய்ப் பிடித்த கரி எழுத்து நிறம் மங்குவதில்லை. பழைய தொலைநகல் இயந்திரத்தின் வெப்பத் தாள் சில ஆண்டுகளில் வெறுந்தாளாய்விடும், இது அப்படியன்று.

மூதாட்டியாரின் தாளுக்கு நேர்ந்தது வேறு விபத்து. அந்தப் பிரதி எடுத்தவர் சரியாகவே எடுத்திருந்தார். பாதுகாக்க வாங்கிய உறையே பகையாயிற்று. பீவீசீ என்னும் வகைப் பிளாஸ்ரிக்கை வளையத்தக்கதாக்குவதற்கு அதில் ஒரு எண்ணெய்ப் பொருளைச் சேர்ப்பார்கள். அது காலப்போக்கிற் கசிந்து, தாளிலுள்ள தூளை இளக்கித் தன்னோடு ஒட்டிக்கொள்ளும். வன்னி வெயிலில், தகரக் கூரையின் கீழ், பெட்டிக்குள் பாரத்தோடு கிடந்தாற் சொல்லவும் வேண்டுமோ! மென்மையாய், வழவழப்பாய், ஒருவித மணத்தோடு இருக்கும் உறைகளே பெரும்பாலும் இவ்வகையின. பொலிபுறொப்பிலீன் என்னும் வகை உறையில் இந்த எண்ணெய் இல்லை. எது எதென்று தெரியாதவர்கள் எழுத்துள்ள பக்கத்தின்மேல் ஒரு வெற்று வெள்ளைத் தாளை வைத்து உறையில் இட்டாற் போதும். ஏற்கெனவே ஒட்டிவிட்டதா? பிரிக்க முயலவேண்டாம். உறையோடு வைத்தே பிரதி எடுங்கள். எழுத்து உறையில் இருந்தாலும் தாளில் இருந்தாலும் கண்ணாடிக்கு ஒன்றுதான்.

நிரப்புவது சட்டப்படி சரிதானா என்று கேட்பவர்களும் உண்டு. இதே கேள்வி அமெரிக்காவின் உயர் நீதிமன்றம் வரை போயிற்று. லெக்ஸ்மார்க் என்னும் பெரிய கம்பனி, தன் வெற்றுக் கூடுகளை வாங்கி நிரப்பி விற்றதற்காக இம்பிறெஷன் புறொடக்ற்ஸ் என்னும் சிறு நிறுவனத்தின்மீது காப்புரிமை வழக்குத் தொடுத்தது. பொருளை ஒருவருக்கு விற்ற கணத்திலேயே அதன்மேல் விற்றவருக்குள்ள காப்புரிமை தீர்ந்துவிடுகின்றது என்று 2017 மே 30ஆம் நாள் தீர்ப்பாயிற்று. அது அந்த நாட்டுச் சட்டம். எனினும், வாங்கியவனுக்கே பொருள் சொந்தம் என்பது நமக்குப் புதிய நீதியன்று. இப்போது கம்பனிகள் சட்டத்தை விட்டுச் சிறு மின்னணுச் சில்லொன்றை நம்பியிருக்கின்றன. கூட்டிலே ஒட்டிய அந்தச் சில்லு அடித்த தாள்களை எண்ணிக்கொண்டிருந்து, கூடு நிரம்பியிருந்தாலும் “முடிந்தது” என்று அடம்பிடிக்கும். அதற்கும் மாற்றுச் சில்லு வந்துவிட்டது. பாம்பின் கால் பாம்பறியும்!

கதவு திறக்கப்பட்டது, மின்விசிறி மீண்டும் சுழன்றது. இளைஞர் கையுறையைக் கழற்றிவிட்டு, மூதாட்டியாரின் மடியிலிருந்த உறையைக் கேட்டு வாங்கினார். முதல் மூன்று வெற்றுப் பிரதிகளை ஓடவிட்டு, சிந்திய தூள் போனபின் உறையைக் கண்ணாடியில் வைத்தார். தாள் சூட்டோடு வெளியே வந்தது. எல்லைகள் நான்கும் தெரிந்தன: வடக்கே வாய்க்கால், கிழக்கே ஒழுங்கை என்று நம் கண்ணாலேயே வாசிக்கக் கூடியதாய் இருந்தது. கீழே பின்னுரித்தாளர் என்ற இடத்தில் ஒரு பெயர். அதன் கடைசி இரண்டு எழுத்துகள் மட்டும் முதற் பிரதியிலேயே போய்விட்டிருந்தன. அவற்றை எந்தத் தூளும் மீட்டுத் தராது.

“அம்மா, விரலாலை தேய்ச்சுப் பாருங்கோ” என்றார் இளைஞர்.

மூதாட்டியார் பெருவிரலைச் சேலையில் துடைத்துக்கொண்டு, எழுத்தின்மேல் வைத்து அழுத்தித் தேய்த்தார். விரலை வெளிச்சத்திற் பிடித்துப் பார்த்தார். ஒன்றுமில்லை.

“இன்னும் மூண்டு அடியுங்கோ தம்பி. ஒண்டு முல்லைத்தீவிலை மகளிட்டைக் குடுக்கவேணும். மற்றது பிரதேச செயலகத்துக்கு.”

“மூண்டாவது?”

“அது வேறை வீட்டிலை வைக்க.”